பெர்மெத்ரின்: ஒரே மருந்து, பல குப்பிகள்

வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொறி என்றால் தோல் மருத்துவர் எழுதித் தரும் களிம்பில் பெர்மெத்ரின் இருக்கிறது. பேனுக்கு மருந்துக்கடையில் தரும் லோஷனில் இருக்கிறது. நாயின் பிடரியில் சொட்டுவிடும் உண்ணி மருந்து சிலவற்றிலும், ஆப்பிரிக்காவில் ஏராளமாக வழங்கப்பட்ட ஒரு வகைக் கொசுவலையின் நூலிலும், அமெரிக்கப் படைவீரர்களின் சீருடையிலும் அதுவேதான். மரச்சாமான்களைத் துளைக்கும் வண்டுக்கும், பருத்திக் காய்ப்புழுவுக்கும் அதை அடித்திருக்கிறார்கள். இத்தனை இடங்களில் புழங்கும் ஒரு பூச்சிக்கொல்லியை "நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் விடை கிடைக்காது. எத்தனை சதவீதம், எதில் கரைத்தது, யாருக்காகச் செய்தது என்று கேட்டால் கிடைக்கும்.

சதவீதத்தை மட்டும் முதலில் பாருங்கள். துணியில் தெளிப்பது 0.5. பேன் லோஷன் 1. சொறிக் களிம்பு 5. வயலுக்கான குப்பி 25. நாய் மருந்து சிலவற்றில் 40-க்கும் மேல். பெயர் ஒன்றுதானே என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பல அதைப் பற்றியவை.

பூவில் தொடங்கியது

சாமந்தி இனத்துப் பைரெத்ரம் பூவை உலர்த்திப் பொடித்துப் பூச்சிகளைக் கொல்வது பழைய முறை. பூச்சி உடனே சுருண்டு விழும். மனிதருக்குப் பெரிய தீங்கில்லை. ஒரே குறை, வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். வீட்டுக்குள் சரி, வயலுக்கு உதவாது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு அந்தப் பூவிலுள்ள மூலக்கூறைப் பின்பற்றி, வெயிலைத் தாங்கும் ஒன்றைச் செயற்கையாகச் செய்து 1973-இல் வெளியிட்டது. அதுதான் பெர்மெத்ரின். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவையும் அதே குழுவின் வேலை, அதே குடும்பம். கொசுவர்த்தியிலும் கொசு விரட்டித் திரவத்திலும் வரும் அலெத்ரின், பிராலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் எல்லாம் உறவுக்காரர்களே. குப்பியின் பின்பக்கத்தில் "த்ரின்" என்று முடியும் பெயரைக் கண்டால் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும் என்று கொள்ளலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. நரம்பில் சைகை ஓடும்போது சோடியம் நுழையும் வாயில்கள் கணப்பொழுது திறந்து மூட வேண்டும். பெர்மெத்ரின் அவற்றை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், பூச்சி மல்லாந்து காலை உதறி முடங்கும். நம் நரம்பிலும் அதே வாயில்கள் உண்டு. ஆனால் அவை இந்த மருந்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. உள்ளே போன கொஞ்சத்தையும் நம் கல்லீரல் விரைவாக உடைத்து, சிறுநீரில் தள்ளிவிடுகிறது. தோலில் பூசிய களிம்பில் 2 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் உடலுக்குள் சேர்கிறது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 5 சதவீதக் களிம்பும் 1 சதவீத லோஷனும் இடம்பெற்றிருப்பது இதனால்தான்.

புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்க உணவில் கலந்து கொடுத்த சோதனைகளில் சுண்டெலிகளுக்கு நுரையீரல், கல்லீரல் கட்டிகள் கூடியிருக்கின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த முடியாதவற்றின் பிரிவில் வைத்தது. வாரத்துக்கு ஒன்றாக இரண்டு இரவு களிம்பு பூசுவதற்கு இதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. தினமும் கதவைச் சாத்திவிட்டு ஸ்ப்ரே அடித்து, அதிலேயே படுத்துத் தூங்கும் வழக்கத்துக்குக் கொஞ்சம் அஞ்சலாம்.

சொறிக்குக் களிம்பு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்து நல்ல மருந்து. பலன் இல்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் பூசிய முறை.

சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. தோலின் மேலடுக்கில் குடைந்து முட்டையிடும். இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள், வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு அரிப்பு: இவை சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அவர் நலமாகத் தெரிவார், பரப்பிக்கொண்டும் இருப்பார். எனவே அரிப்பவருக்கு மட்டும் பூசுவது வீண். ஒரே கூரையின் கீழ் படுப்பவர்கள் எல்லோரும், அரிப்பே இல்லாத பாட்டி உட்பட, ஒரே இரவில் பூச வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 கிராம் வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு ஒரு டியூபை வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் தடவுவது பணத்தைக் கரியாக்குவது. இரண்டு சுற்றுக்கும் கணக்குப் போட்டு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மாலையில் குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்து, தோல் குளிர்ந்த பின் பூசத் தொடங்குங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, பரு இருக்கும் இடம் இல்லாத இடம் என்று பார்க்காமல், ஓர் அங்குலமும் விடாமல் பூச வேண்டும். நகத்தடி, விரலிடுக்கு, தொப்புள் குழி, பிட்டத்தின் மடிப்பு, பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகியவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். முதுகுக்கு ஆள் துணை வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நெற்றி, உச்சந்தலை, காதோரமும் சேர்த்துப் பூசச் சொல்வார்கள்; கண்ணையும் வாயையும் தவிர்க்க வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் இருக்கட்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். இரவு பூசிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகும் அம்மாக்களின் விரலிடுக்கில்தான் சிற்றுண்ணி பிழைத்துக்கொள்கிறது. காலையில் குளித்துவிடலாம். முட்டைகள் சில தப்பியிருக்கும் என்பதால் 7 நாள் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும்.

கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, துண்டு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் மறுநாள் காலையே வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாதவற்றை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். மனித உடம்பை விட்டு வந்த சிற்றுண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மெத்தைக்கும் சுவருக்கும் பூச்சி மருந்து அடிக்கத் தேவையே இல்லை.

சிற்றுண்ணிகள் செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். தோலுக்குள் கிடக்கும் மிச்சங்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. மருந்து தோற்றுவிட்டது என்று தினமும் களிம்பைப் பூசினால் தோல் எரிந்து, அதுவே புது அரிப்பாகிவிடும். நான்கு வாரம் கடந்தும் புதுப் பருக்கள் கிளம்பினால் மருத்துவரிடம் போங்கள். விடுதி போல் பலர் சேர்ந்து வசிக்கும் இடங்களில் ஐவர்மெக்டின் மாத்திரையும் தருவதுண்டு, அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் களிம்பை நீங்களாகப் பூசாதீர்கள். கர்ப்பிணிகளுக்குச் சொறி வந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் இதையேதான் எழுதுகிறார்கள். தயங்கி அரிப்போடு மாதக்கணக்கில் கிடப்பதைவிட கேட்டுப் பூசுவது நல்லது.

மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு ஒன்று கைக்கு வரும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அடியில் சிற்றுண்ணி செழித்துப் பெருகும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கு நோயே அடையாளம் தெரியாமல் போகும். பெர்மெத்ரின் சோப்பும் கடையில் உண்டு. தேய்த்த ஒரு நிமிடத்தில் தண்ணீரில் போகும் மருந்து, 8 மணி நேரம் தோலில் நிற்க வேண்டிய களிம்பின் வேலையைச் செய்யாது. முன்பு சொறிக்கு லிண்டேன் லோஷன்தான் பெரிதும் தரப்பட்டது. அது நரம்பைத் தாக்கக்கூடியது, உலகமே கைவிட வேண்டிய நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-இல் சேர்க்கப்பட்டது. பழைய குப்பி அலமாரியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சொறி வந்த வீடு சுத்தமில்லாத வீடு என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். அந்த வெட்கத்தில்தான் பள்ளித் தோழியின் அம்மாவிடம் சொல்லாமல் விடுகிறோம். அடுத்த மாதம் அதே சொறி திரும்பி வருகிறது.

பேனுக்கு லோஷன்

இங்கே நேரம் தலைகீழ். கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவில் தலையை அலசி, துண்டால் ஈரம் துடைத்து, 1 சதவீத லோஷனை வேர் வரை தடவி 10 நிமிடம் விட்டு அலசிவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நன்றாகச் சாகும் என்பது தவறான எண்ணம், எரிச்சல்தான் மிஞ்சும். தலையைக் குனியவைத்து அலசுங்கள், கண்ணிலும் உடம்பிலும் வழிய வேண்டாம். பிறகு ஈரத் தலையிலேயே ஈருளி போட்டு வாருங்கள். ஈரை இந்த மருந்து முழுதாகக் கொல்லாது என்பதால் 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் தடவை போட வேண்டும். அதற்கும் பேன் உயிரோடு ஓடினால் அது மருந்துக்குப் பழகிய பேன். உலகின் பல பகுதிகளில் இப்படித்தான் ஆகியிருக்கிறது. அளவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றுங்கள். பொறுமை இருந்தால் மூன்று நாளுக்கொரு முறை ஈரத் தலையில் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, ஈருளியால் இரண்டு வாரம் விடாமல் வாரினாலே போதும்.

வயலுக்கு வாங்கிய மருந்தைத் தேங்காயெண்ணெயில் ஒரு மூடி கலந்து குழந்தை தலையில் தேய்க்கும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. நாயின் உண்ணி மருந்தைத் தேய்ப்பவர்களும் உண்டு. இரண்டும் உயிருக்கு உலை. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

உரக்கடைப் பாட்டில் ஏன் வீட்டுக்குள் வரக்கூடாது

உரக்கடையில் அதிகம் கிடைப்பது சைபர்மெத்ரின், 10 அல்லது 25 சதவீத இ.சி. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்குமே, அந்த வகை. தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைக்க அதில் பெட்ரோலிய வகைக் கரைப்பானும் குழம்பாக்கியும் சேர்த்திருக்கும். பல விபத்துகளில் மருந்தைவிடக் கரைப்பான்தான் முதலில் கெடுதல் செய்கிறது: தோலை எரிக்கும், மருந்து உள்ளே ஊடுருவ உதவும், விழுங்கி வாந்தி எடுத்தால் நுரையீரலில் இறங்கி நிமோனியா உண்டாக்கும். களிம்பில் அந்தக் கரைப்பான் கிடையாது.

இன்னொன்று இதைவிட மோசம். கடையில் வெறும் சைபர்மெத்ரின் போலவே கலவைகளும் விற்கின்றன: குளோர்பைரிஃபாஸ் 50, சைபர்மெத்ரின் 5 என்று ஒன்று, புரொஃபெனோஃபாஸ் 40, சைபர்மெத்ரின் 4 என்று ஒன்று. சைபர்மெத்ரினோடு சேர்ந்திருக்கும் பெரும்பங்கு ஆர்கனோ பாஸ்பேட் வகை, மூச்சையே நிறுத்தக்கூடியது. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்தபோது பேசப்பட்டவற்றுள் இத்தகைய கலவைகளும் இருந்தன. கரப்பானுக்கு, கரையானுக்கு, மூட்டைப்பூச்சிக்கு என்று உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டினால், பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கென்று பதிவு பெற்றதை மட்டும் வாங்குங்கள். பூச்சி ஒழிப்புக்காரரை அழைத்தால், அவர் கலக்கும் குப்பியைக் கேட்டு வாங்கி லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; முகம் சுளிப்பவரை உள்ளே விட வேண்டாம்.

லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் குடிக்கக்கூடியது அல்ல.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. நெல்லில் செயற்கைப் பைரெத்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வது கஞ்சத்தனத்தால் அல்ல. அடித்தால் சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகின்றன. புகையான் முன்னைவிடப் பெருகித் திரும்புகிறது. அடித்தவுடன் பூச்சி பொத்பொத்தென்று விழுவதைப் பார்த்து மயங்கிப் பக்கத்து வயல்காரரும் வாங்குவார். மூன்றாம் வாரம் வட்டம் வட்டமாகப் பயிர் கருகும். வேறு பயிர்களுக்கு அடிக்கிறவர்கள் நீண்ட கைச்சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி அணிந்து, காற்று வீசும் திசையிலேயே தெளிக்க வேண்டும். முகத்தில் பட்டால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பும் எரிச்சலும் வரும். பெரும்பாலும் ஒரு நாளில் தானே போய்விடும். குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவினால் போதும், வெந்நீர் வேண்டாம்.

கொசுவலை, துணி, அடுக்களை

நூலிலேயே மருந்து ஏற்றிய கொசுவலைகளில் பெர்மெத்ரின் 2 சதவீதம் உள்ள ஒன்று பாலிஎதிலீன் இழையில் வருகிறது. மற்றவை பலவற்றில் டெல்டாமெத்ரின் அல்லது ஆல்ஃபா சைபர்மெத்ரின். சுமார் 20 முறை துவைக்கும் வரை, மூன்று ஆண்டு பலன் தருமாறு செய்யப்பட்டவை. புது வலையைப் பிரித்து ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள். துவைக்கும்போது மென்மையான சோப்பும் குளிர்ந்த நீரும் போதும், பிளீச்சிங் பவுடர் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது. குளத்திலோ ஆற்றிலோ அலசாதீர்கள், காரணம் கீழே. இந்த வலைகளுக்கும் பழகிய கொசுக்கள் பல நாடுகளில் பெருகிவிட்டதால், மருந்தைக் கொசு செரித்துவிடாமல் தடுக்கும் துணைப்பொருள் சேர்த்த வலைகள் இப்போது வருகின்றன. பழைய வலையும் கிழியாமல் இருந்தால் வலையாகவாவது பயன்படும்.

காட்டுப் பயணத்துக்கு 0.5 சதவீதத் தெளிப்பைச் சட்டை, கால்சட்டை, காலணியில் அடித்து, முழுக்கக் காய்ந்தபின் அணியலாம். சில வாரம் தாங்கும். தோலில் அடிக்கக் கூடாது.

அடுக்களைக் கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பதானால் காற்றில் வீசாமல், இடுக்குகளிலும் சிங்க்குக்குக் கீழேயும் மட்டும் அடியுங்கள். பாத்திரமும் உணவும் மூடியிருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும், பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வெளியே இருக்கட்டும். அரை மணி கழித்து ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வந்தபின் உள்ளே போகலாம்.

பூனை, மீன், தேனீ, பட்டுப்புழு

நாய்க்கு ஒத்துப்போகும் இந்த மருந்து பூனைக்கு எமன். பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரல் செய்யும் ஒரு வேலையைப் பூனையின் கல்லீரலால் சரிவரச் செய்ய முடியாது. நாயின் உண்ணி மருந்து சில துளி போதும்: சில மணி நேரத்தில் காதும் தோலும் துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், சாகும். பூனைக்கு நேரடியாகப் போட வேண்டும் என்றில்லை. மருந்து போட்ட நாயை அது நக்கினாலும் ஒட்டிப் படுத்தாலும் வரலாம். இரண்டும் உள்ள வீட்டில் நாய்க்கு வேறு வகை உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பூனை மேல் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவி, துவட்டி, நடுக்கம் வரும்வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பால் ஊற்றுவதெல்லாம் உதவாது.

மீனுக்கு நூறு கோடியில் சில பங்கு தண்ணீரில் கலந்தாலே போதும். ஸ்ப்ரே அடிக்குமுன் மீன்தொட்டியை மூடி, காற்று பம்பை நிறுத்துங்கள்; பம்பு அறைக் காற்றை இழுத்து நீருக்குள் விடும். வலையைக் குளத்தில் அலசக்கூடாது என்றதும் இதனால்தான். தேனீக்கும் அவ்வாறே, பூத்திருக்கும் செடியில் பகலில் அடிக்கவே கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்ததே. பக்கத்து வயலில் அடித்த சாரல் மல்பெரி இலையில் பட்டு, அந்த இலையைத் தின்றால் புழு துடித்து, வாந்தி எடுத்துச் சாகும். வளர்ப்பு மனைக்குள் கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம் எதையும் ஏற்றக்கூடாது. பேன் மருந்து தடவிய கையோடும் உள்ளே போக வேண்டாம்.

தவறு நேர்ந்தால்

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். உடம்பில் கொட்டினால் துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, அந்தத் துணியைத் தனியே வையுங்கள்.

விழுங்கிவிட்டால் உப்புக்கரைசல், புளிக்கரைசல், சாணிக்கரைசல் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கரைப்பான் நுரையீரலுக்குப் போவது அப்போதுதான். 108-ஐ அழையுங்கள். குப்பியையோ, அது கைக்கு எட்டாவிட்டால் லேபிளின் படத்தையோ கொண்டுபோங்கள். பெர்மெத்ரினுக்கோ சைபர்மெத்ரினுக்கோ தனி முறிமருந்து கிடையாது. வலிப்பை அடக்கி மூச்சைக் காப்பதுதான் சிகிச்சை, பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். கலவை மருந்தானால் கதை வேறு. கண்பாவை சுருங்கி, எச்சிலும் வியர்வையும் கொட்டி, மார்பில் சளி கட்டினால் அது ஆர்கனோ பாஸ்பேட். அட்ரோபின் உடனே ஏற வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாதவருக்கு அட்ரோபின் ஏறும், தேவையானவருக்குத் தாமதமாகும். மருத்துவருக்கு அந்தக் கணத்தில் வேண்டியது குப்பியில் எழுதியிருக்கும் இரண்டு பெயர்களும் அவற்றின் சதவீதமும். "ஏதோ பூச்சி மருந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள்.

மிஞ்சிய மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். லேபிள் உரிந்த குப்பியை வைத்துக்கொள்ளாதீர்கள். காலியான குப்பியில் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்து மண்ணெண்ணெயோ மோரோ ஊற்றி வைப்பார்கள்.